நாலால் பெருக்கி, பத்தில் ஒன்று கழித்து

அண்ணா,

நேற்று நம் மீன் ஏலக்கூடத்தில் மின்பலகை மாட்டினார்கள். காற்றின் வேகத்தைச் சிவப்பு எழுத்தில் காட்டுமாம். மேளம், சால்வை, கேசரி எல்லாம் உண்டு. பலகைக்குக் கீழே உன் படத்தை வைத்து மாலை போட்டார்கள். நீ எழுதிய பழைய கரும்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். பக்கத்தில் போனதும் சாக்பீஸ் வாசனை வந்தது. அதுவரை எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. அங்கே நின்று அழுதுவிட்டேன்.

புதுப் பலகை எந்தக் கணக்கில் காட்டுகிறது தெரியுமா? நொடிக்கு இத்தனை மீட்டர் என்று. உன்னைக் கொன்ற அதே கணக்கு. மாட்ட வந்தவரிடம், "இத்த கிலோமீட்டரா மாத்த முடியாதாங்க?" என்று கேட்டேன். "மாத்தலாம்க்கா, அதுக்கு மேலேர்ந்து ஆர்டர் வரணும்" என்றார். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். கேசரியை மட்டும் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

காசிமேட்டில் விசைப்படகு வேலையை விட்டுவிட்டு நீ ஊருக்கு வந்தபோது, இங்கே காற்றைப் பற்றி ஆளுக்கொரு பேச்சு. ரேடியோ கிலோமீட்டரில் சொல்லும். காசிமேட்டு ஆட்கள் கடல்மைல் கணக்கில் நாட் என்பார்கள். போன் நொடிக்கு மீட்டர் என்று காட்டும். நீ எல்லாவற்றையும் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மாற்றி, அன்று அடிக்கப்போகும் காற்றுக்கு விடியலில் கரும்பலகையில் ஒரே ஓர் எண்ணை எழுதிவைப்பாய். "பைக் ஓட்றவனுக்குப் புரியற மாதிரி இருக்கணும். நாப்பதுன்னா மூஞ்சில எப்டி அடிக்கும்னு அவனுக்கே தெரியும்" என்பாய். கணக்கை எனக்கும் சொல்லித்தந்தாய். "நாட்டுன்னா ரெண்டால பெருக்கு, மீட்டருன்னா நாலால பெருக்கு. வர்றதுல பத்துல ஒண்ணைக் கழி. அவ்ளோதான் பாப்பா." மீன் கழுவிக்கொண்டே மனக்கணக்காகச் செய்து பார்ப்பேன். சரியாக வந்தால் நீ தலையை மட்டும் ஆட்டுவாய்.

பாடு முறை எவ்வளவு பொல்லாதது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். அந்த நாளை விட்டால் ஊரில் எல்லோருடைய முறையும் முடிந்துதான் மறுபடி நம் முறை வரும். உன் மச்சானின், அதுதான் என் வீட்டுக்காரரின், பாடு நாளில் நீ நாற்பத்துமூன்று என்று எழுதினாய். ஒருவரும் போகவில்லை. அன்று பார்த்துக் காற்று வடக்கே ஒதுங்கிவிட்டது. ஏரி தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. இறால் ஓடுகிற பருவம் வேறு.

அவருக்கு ஆத்திரம் வந்தால் கண்மண் தெரியாது. ஏலக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் போனை நீட்டிக்கொண்டு கத்தினார். "இதுல பன்னெண்டுன்னு வருது. இவன் நாப்பத்திமூணுன்னு எழுதறான். இன்னா, காத்துக்கும் வட்டி போடறானா?"

ஊரே சிரித்தது. நீ நிதானமாகத்தான் பேசினாய். "மச்சான், அது ஒரு செகண்டுக்குப் பன்னெண்டு மீட்டரு. மணிக்கு எவ்ளோன்னு பார்க்க வாணாமா?" அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீ எழுதியதை அழித்தார். அன்று மாலையே ஊர்க் கூட்டம் முடிவு செய்தது: போனில் வருவதை அப்படியே எழுத வேண்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீ சாக்பீஸை வைத்துவிட்டு வந்துவிட்டாய். எழுத வேறு ஆளைப் போட்டார்கள். எந்தக் கணக்கு என்பதை அவர் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இத்தனை காலமும் கிலோமீட்டரையே பார்த்துப் பழகிய கண்கள் அதையும் கிலோமீட்டராகவே படித்தன.

அடுத்த சுற்றில் உன் மச்சானின் முறை வந்தபோது பலகையில் பதின்மூன்று. "சைக்கிள் காத்து" என்று சிரித்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் நீ வாசலில் வந்து நின்றாய்.

"மச்சான் எங்க?"

"வலை கட்டப் போய்ட்டாருண்ணா. பதிமூணுதானாமே."

நீ உன் படகை நோக்கித் திரும்பிக்கொண்டே, "நாப்பத்தேழு பாப்பா" என்றாய். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம், எதிரே அந்தக் காற்று. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்தவரை உன் படகில் ஏற்றினாயாம். திரும்பும்போது முகத்துவாரத்தில் அலை உங்கள் இருவரையும் புரட்டியதாம். இருந்த ஒரே மிதவையை அவர் கையில் திணித்தாயாம். அவரே சொன்னார். ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

விசாரிக்க வந்த அதிகாரி, "மூணு புள்ளி ஆறால பெருக்கினா போதும்மா, சின்னக் கணக்கு" என்றார். சின்னக் கணக்குதான். இப்போது ஊரில் எல்லோருக்கும் அது தெரியுமாம், அன்றைக்கே தெரியுமாம். அன்று சிரித்தவர் என்று இப்போது ஊரில் ஒருவரும் இல்லை. கேட்டுப் பார், எல்லோரும் அன்று பழவேற்காட்டுச் சந்தைக்குப் போயிருந்தார்களாம். அண்ணி குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, நான் போகும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளிடம் நான் என்ன சொல்வது? என் தாலியைக் காப்பாற்ற நீ போனாய், அவளுடையது போனது. உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு அண்ணா. போகும்போது அவளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாயா?

உன் மச்சான் இப்போதும் தொழிலுக்குப் போகிறார். பலகையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஊரில் ஒருவரிடமும் கேட்பதில்லை. விடியலில் படியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கு எவ்ளோ?" என்கிறார். நான் போனைப் பார்த்துப் பெருக்கிக் கழித்துச் சொல்கிறேன். எங்களுக்குள் மிச்சமிருக்கிற பேச்சு அது ஒன்றுதான்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். எண் பெரிதாக வரும் நாட்களில், பெருக்காமல் அப்படியே சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்துவிடுகிறது. ஒரு சொல் போதும், அவர் கிளம்பிவிடுவார். ஆனால் நீ உன் உயிரைக் கொடுத்துக் கரை சேர்த்த ஆள். என் மனம் மன்னிக்காத ஒருவரைத் தினமும் காப்பாற்றுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

இன்று போனில் பதினொன்று என்றிருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார்.

நாற்பது என்றேன். எழுந்துபோய் வலையை உள்ளே வைத்தார்.