யானை வேஷத்தின் மடிப்பு

பிரியமுள்ள அருணாவுக்கு, நான் சௌக்கியம். நீயும் பாப்பா தென்றலும் வேளைக்குச் சாப்பிடறீங்களா?

பள்ளிக்கூட நாடகத்துக்கு அவ கேட்ட யானை வேஷம் இந்தப் பார்சல்ல இருக்கு. எங்க கெஸ்ட் ஹவுஸ்ல கழிச்ச போர்வைதான் உடம்பு. வாஷிங் மிஷின் பைப்புதான் தும்பிக்கை. போன தடவை நான் ஊருக்கு வந்தப்ப என் இடுப்பு உயரம் இருந்தாளே, அந்த நெனப்புலயே வெட்டித் தைச்சுட்டேன்.

துணி துவைக்கிற ராணியம்மா பார்த்துட்டு, "அஞ்சாவது படிக்கிற பொண்ணுக்கா இது? எல்கேஜி யானைன்னு நெனச்சேன்"னு சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்புறம் கீழே ஒரு முழம் ஒட்டுப் போட்டு, உள்ளே மடிச்சு வச்சிருக்கேன். எவ்வளவு இறக்கணும்னு எனக்குத் தெரியலை. நீ இறக்கிக்கோ.

நாடகத்தன்னிக்கே பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், லீவு கெடையாதுன்னுட்டாரு முதலாளி.

இந்தப் பார்சலைக் கொண்டு வர்ற பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு. அவ உயரத்தை ஒரு நூல்ல அளந்து, அந்த நூலை எனக்கு அனுப்பி வை.

பரசுராமன்