பனிக்குள் போன தோணி

மிச்சிகன்
ஜூன் கடைசி

அன்பு மகள் இர்யாவுக்கு அப்பா எழுதுவது. கொசு கடித்த தடிப்புகளைத் தவிர இங்கே எல்லோருக்கும் சுகம்தான், ஆஸ்திரேலியாவில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. அங்கே குளிர் தொடங்கியிருக்குமே, ஆஸ்பத்திரிக்கு ராத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. கேட்கமாட்டாய் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அம்மா போனபிறகு முதல் தடவையாகப் போன வாரக் கடைசியில் நம் ஏரிப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கினோம். எதுவும் மாறவில்லை, மின்சாரம் கிடையாது, தண்ணீருக்குக் கை பம்பு, கக்கூஸுக்கு அதே குழி. உன் தங்கை கைசாவின் வீட்டுக்காரன் டேல், வெந்நீர் வருகிற பூங்காவாகப் பார்த்துப் போயிருக்கலாமே என்று முனகிக்கொண்டே இருந்தான், அவள் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டான். வில்மாவும் வந்திருந்தாள், நம் தெருக்கோடியில் தனியாக இருக்கிற அதே வில்மாதான். கிறிஸ்துமஸுக்குப் பேசியபோது அவள் பேரை எடுத்ததுமே நீ பேச்சை மாற்றினாய், இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கைசாவும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வில்மா ஆசையாய்ச் சுட்டுக்கொண்டு வந்த ஏலக்காய் ரொட்டி ராத்திரி மேசைமேலேயே கிடந்து, காட்டு ரக்கூன்கள் வந்து சுற்றியிருந்த துணியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போயின. சாப்பாட்டுச் சாமானை வண்டிக்குள் பூட்டாமல் படுப்பது நம் வீட்டில் நடக்கிற காரியமா, நீயே சொல்.

மறுநாள் விடியும்போது எழுந்து பார்த்தால் ஏரியே இல்லை. கரை வரைக்கும் வெள்ளையாய்ப் பனிமூட்டம் இறங்கிக் கிடந்தது. தோணியையும் காணோம், அம்மாவுக்குப் பிறகு நான் தண்ணீரில் இறக்கவே இறக்காத தோணி. கரைக்கு ஓடினேன். எங்கேயோ ஒரு லூன் பறவை நீளமாய்க் கூவியது, பிறகு துடுப்புச் சத்தம், பிறகு பேச்சுக்குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல அவ்வளவு தெளிவாக. கைசாவும் வில்மாவும்தான். ஆள் தெரியவில்லை, அந்த வெள்ளைக்குள்ளிருந்து குரல் மட்டும் மிதந்து வந்தது, நான் இன்னும் தூக்கத்தில்தான் இருக்கிறேனோ என்று நினைத்தேன்.

"அந்த ரொட்டிய நான் வேணும்னேதான் வெளியில விட்டேன்" என்றாள் கைசா.

"தெரியும்டி. இன்னொண்ணு வண்டியில பூட்டி வச்சிருக்கேன்" என்றாள் வில்மா.

இருவரும் சிரித்த சிரிப்பு ஏரி முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அப்பாவைக் கட்டிக்கொள்வீர்களா என்று கைசா பட்டென்று கேட்டுவிட்டாள். அவர் இன்னும் கேட்கவே இல்லையே என்றாள் வில்மா. அப்புறம் அவளே சொன்னாள்.

"கேட்டாலும் இர்யா மனசு ஒப்பாம நான் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கமாட்டேன். அவளுக்கு அவ அம்மா பெருசு, அது நியாயம்தானே. அவ வேண்டாம்னா நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

செருப்பு ஈரத்தில் ஊற நான் அப்படியே நின்றேன். அந்தப் பனி கலையவே கூடாது என்றிருந்தது. தோணி கரை தட்டுகிற சத்தம் கேட்டதும் கூடாரத்துக்குள் ஓடிப்போய்க் குறட்டை விட்டேன், கைசா நம்பினாளா என்று தெரியாது. அன்றைக்குக் காப்பியோடு சாப்பிட்ட ரொட்டி நன்றாக இருந்தது.

கண்ணு, உன் அம்மாவை நினைக்காத நாள் எனக்கு இல்லை. ஆனால் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுக்க எனக்குப் பிடிக்கவில்லை. வில்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்கிறேன்.

கடவுள் உனக்குத் துணை இருக்கட்டும், கை வைத்த காரியமெல்லாம் நன்றாக நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சம்மதம் என்றால் பதிலை வில்மாவுக்கே எழுது. வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் எழுது. அவளிடம் கேட்காமலே இருந்துவிடுகிறேன், தைரியம் வராத ஆள் என்று என்னை நினைத்துக்கொள்ளட்டும், உன்னால்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உன் அப்பா,
ரெய்னோ