முன்னங்கால் சரோஜா, பின்னங்கால் நான்

அக். 24, வெள்ளி

தூறல். துணி காயவில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டது இன்று நினைவுக்கு வந்தது: "மாட்டுக்கு மட்டும் பின்னங்கால் முட்டி ஏன் மிஸ் பின்னாடி மடங்குது?" அது முட்டி இல்லை, குதிகால், முட்டி இன்னும் மேலே, வயிற்றோடு ஒட்டி இருக்கிறது என்று சொல்லி நுனிக்காலில் நடந்து காட்டினேன். வகுப்பே சிரித்தது. இன்று சரோஜாவுக்கும் அதே நடையை நடந்து காட்டினேன். காரணம், பின்னங்கால் நான்.

நவம்பர் ஒன்று, கன்னட ராஜ்யோத்சவத்துக்கு எங்கள் தெருவில் ஜோடி வேஷப் போட்டி. நாங்கள் கோலே பசவா, அதாவது பூம்பூம் மாடு. சரோஜா முப்பது வருஷம் கார்மென்ட்ஸில் தைத்தவள். அடுத்த சந்து.

வேண்டியவை: பழைய கம்பளி 2, ஜாக்கெட் பிட்டு (சரோ வீட்டில் மூட்டையாக), அட்டைப்பெட்டி, மைதா பசை, கொம்புக்கு பிளம்பர் பைப்பு, சலங்கை.

தலையை ஆட்டிப் பழகச் சொன்னேன். "நாப்பது வருஷமா ஆட்டிக்கினு இருக்கேன். எனக்கு எதுக்குடி ரிகர்சல்?" என்றாள். சிரித்தோம்.

அக். 26, ஞாயிறு

வெயில். மாட்டுத் தலை காய்ந்துவிட்டது.

உள்ளே நுழைந்து நடந்து பார்த்தோம். பின்னால் இருப்பவள் குனிந்து, முன்னால் இருப்பவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். பிடித்தேன். சரோஜா கத்தினாள்.

கதவைச் சாத்தி, ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தேன். விலாவில் நீலம். அதன் கீழே பச்சை. இன்னும் கீழே மஞ்சள். பாடப் புத்தகத்தில் மண் அடுக்குப் படம் போடுவார்களே, அப்படி: மேலே புதுசு, அடியில் பழசு.

"யாரு சரோ?"

"என் வூட்ல வேற யாரு இருக்காங்க?"

அவள் கணவர் மாணிக்கம். லாரி ஓட்டி ஓய்ந்தவர். எழுபது வயது. தெருவில் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிற மனிதர்.

"இந்த வயசுலயா?"

"வண்டியத்தான் வித்தாரு. கைய விக்கல. நீ சும்னே இரு கமலா. மாடு முடியட்டும்."

அக். 27, திங்கள்

அவள் மார்க்கெட் போன நேரம் பார்த்து மாணிக்கத்திடம் போனேன். முப்பத்தைந்து வருஷம் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசிய பழக்கம். குரலை உயர்த்தாமல் ஓர் உதாரணம் சொன்னால் எந்த அப்பாவும் இறங்கி வருவார். ரப்பர் பேண்டு உதாரணம் சொன்னேன்: இழுக்க இழுக்க வரும், ஒருநாள் அறுந்து இழுத்தவன் கையிலேயே அடிக்கும். நாற்காலி போட்டார். காப்பி தந்தார். "நீங்க சொன்னா சரிதான் டீச்சரம்மா. இனிமே பாருங்க."

நல்லபடியாக முடிந்தது.

அக். 28, செவ்வாய்

சரோ வரவில்லை. போன் எடுக்கவில்லை. மாட்டுக்குக் கண் வரைந்தேன். ஒன்று பெரிதாகிவிட்டது.

அக். 29, புதன்

மேகமூட்டம்.

வந்தாள். வலது கையில் இரண்டு விரல் சேர்த்துக் கட்டு. கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருக்கிறார். "டீச்சர் பாடம் நடத்திட்டுப் போயிட்டாங்க, இது ஹோம்ஒர்க்" என்றாராம்.

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"உன்ன யாருடி அங்க போகச் சொன்னது? அந்தாளுகிட்ட அவ்ளோ பேசினியே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை.

போலீஸ் என்றேன். "என் பேரு எங்கயும் வரக்கூடாது" என்றாள். இங்கேயே தங்கு என்றேன். "மாடு முடியட்டும். வருஷம் பூரா அந்த வூட்டுக்குள்ள இருக்கேன். ஒரு நாள் இதுக்குள்ள இருந்துட்டுப் போறேன்." இடது கையால் வால் தைத்தாள். கோணல். பிரிக்கவில்லை.

அக். 30, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

மாலை நாலு மணி. எங்கள் சந்தில் முழு வேஷத்தோடு ஒத்திகை. ஏழெட்டுப் பேர் வேடிக்கை. உள்ளே எனக்கு இருட்டு, சரோ முதுகு, கம்பளி நாற்றம். வெளியே ஒரு பையன், "சூப்பர் ஆன்ட்டி!"

பிறகு மாணிக்கம் குரல். "ஆடறியாடி? தெருவுல ஆடறியா?"

முதல் உதை என் விலாவில். எந்தப் பாதி யாரென்று அவர் பார்க்கவில்லை. இரண்டாவது தொடையில். கத்தப் பார்த்தேன், மூச்சு இல்லை. மூன்றாவது அதே விலா. உள்ளே ஏதோ டக்கென்றது. வெளியே கைதட்டல். இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். யாரோ, "அங்கிள், இன்னொண்ணு!"

முட்டி போட்டு விழுந்தேன். அவள் இடுப்பை விடவில்லை. அவள் ஓடியிருக்கலாம். ஓடாமல், என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பினாள். தலையைத் தாழ்த்தினாள். பைப்புக் கொம்பு அவர் வாயில் போய் இடித்தது. பல் உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி இடித்தாள். சாக்கடைக் கல்லின் மேல் விழுந்தார். மறுபடி. "போதும் சரோ, போதும்!" கம்பளி கிழிந்து நான் வெளியே விழுந்தேன். கொம்பில் ரத்தம். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

வாய் போதும் என்றது. அவள் நிறுத்த வேண்டாம் என்றும் எனக்கு இருந்தது. இந்த வரியை அடித்துத் திருத்தப் போவதில்லை.

அக். 31, வெள்ளி

எக்ஸ்ரே: எனக்கு ஒரு விலா எலும்பில் விரிசல். இருமக்கூடாது. அவருக்கு மூன்று பல், நெற்றியில் தையல். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

காவல் நிலையம். சரோ புகார் எழுதித் தர மறுத்தாள். "நானுந்தான அடிச்சேன்?" அப்போதுதான் உறைத்தது. உதை வாங்கியது நான். என் விலா, என் பெயர். எழுதிக் கொடுத்தேன்.

பெண் எஸ்.ஐ. மாட்டைக் கொண்டுவரச் சொன்னார். மேஜையில் விரித்தோம். "முந்தெ யாரம்மா, ஹிந்தெ யாரு?" என்று கன்னடத்தில் கேட்டார். முன்னால் யார், பின்னால் யார். நான் குனிந்து காட்டப் பார்த்தேன், முடியவில்லை. சரோ என்னை உட்காரவைத்துவிட்டு, தானே பின்பக்கம் நின்று காட்டினாள். முதல் உதை இங்கே. இரண்டாவது இங்கே. மூன்றாவது இங்கே. அங்கே நிறுத்துவாள் என்று நினைத்தேன். தன் உடம்பைத் தொட்டுக் காட்டிக்கொண்டே போனாள். "இது போன வாரம். இது தசராவுக்கு. இது என் பொண்ணு கல்யாணத்துக்கு மொத நாள்..."

எஸ்.ஐ. இன்னொரு தாள் எடுத்தார். அதில் சரோஜா இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

நவ. 1, சனி

மழை இல்லை. தெருவில் மைக். போட்டி நடக்கிறது. மாடு ஸ்டேஷனில். சரோ நேற்று ராத்திரியிலிருந்து என் வீட்டில்.

மாணிக்கத்தின் தங்கை வந்தார். "வூட்டுக்கு வாங்க அண்ணி. அண்ணன் டிஸ்சார்ஜ் ஆவுறாரு, யாரு பாத்துக்கறது? கேஸெல்லாம் வாபஸ் வாங்கிக்கலாம்."

பதில் சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். சரோவைப் பார்த்து, "உனக்கு எங்க இருக்கணும்னு இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

மைக்கில் இரண்டு பாட்டு முடிந்தது. அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க" என்றாள். "நாளைக்குத் தெரியாது. இன்னிக்கு இங்க."

தங்கை போய்விட்டார்.

இந்த நோட்டு யார் கைக்காவது போனால்: அடிபடுகிற ஒருத்தியை உங்களுக்குத் தெரியுமென்றால், இன்றைக்கே அவளைத் தனியே உட்காரவைத்து, எங்கே இருக்க விரும்புகிறாள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருந்து பாருங்கள்.