குரங்கு கொண்டுபோன காலிப்பர்

அண்ணாச்சி,

நேற்று சாயங்காலம் பேத்தி மீனாவைக் கூட்டிக்கொண்டு, பாளையங்கோட்டையில் புதிதாகத் திறந்திருக்கும் சிறுவர் பூங்காவுக்குப் போனோம். தரையில் அங்கங்கே துளை போட்டு, அடியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். பிள்ளைகள் அதற்குள் ஓடி ஓடி நனைகின்றன. பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுத் தரையில் முதல் தண்ணீர் பட்டதும் ஒரு வாசனை எழுந்தது பாருங்கள், அதிலேயே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. சங்கரன் பெஞ்சில் உட்கார்ந்து, இடது காலில் மாட்டியிருந்த காலிப்பரைக் கழற்றி என் மடியில் வைத்தான். "அப்பா, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, மகள் தோளைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் தத்திப் போய், தண்ணீருக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். நான் காலிப்பரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே மரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்ன சார் தேடுதீங்க?" என்று கேட்டார். "குரங்கு இருக்கான்னு பாக்கேன்" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அவருக்கு எங்கிருந்து விளக்குவது? உங்களுக்கென்றால் விளக்க வேண்டியதில்லை.

சங்கரனுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இடது கால் சூம்பிவிட்டது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில் தோல் வார், கீழே பூட்ஸ் என்று காலிப்பர் மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டால் நடப்பான், கழற்றினால் தவழ்வான். என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு ஏது கோடை விடுமுறை? எனக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. ஆகவே ஒவ்வொரு சித்திரையிலும் பையன் என் பொறுப்பு. பூங்காவுக்குப் போக வேண்டும் என்று அழுவான். கூட்டிப் போனால் எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டை நிறுத்திவிட்டு அவன் காலையே பார்க்கும். அதுகளின் அம்மாமார் "பாவம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியாது. என் பிள்ளைக்கு விளையாட ஒரு துணை கிடைக்குமா, வாழ்நாள் முழுக்க ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவனாகவே போய்விடுவானா என்பதுதான் அன்றைக்கு என் நெஞ்சில் கிடந்த கல். அதனால் ஒரு ஈ காக்கை இல்லாத உச்சி வெயிலில்தான் அவனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு மத்தியானத்தில்தான் உங்களைப் பார்த்தேன். மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் ஈரத் துண்டு. மூன்று பெண் பிள்ளைகள் வரிசையாக நிற்க, நீங்கள் குழாயடியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து சறுக்குப் பலகையின் உச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். தோசைக் கல்லாகக் காய்ந்து கிடந்த தகரம் சுர்ரென்று ஆவி விட்டது. பிறகு பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சர்ரென்று வழுக்கி வந்து, கீழே தேங்கிய சகதியில் தொப்பென்று விழுந்தன. இவர் பைத்தியமா, பிள்ளை பிடிக்கிறவரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களோ நேரே என்னிடம் வந்தீர்கள்.

"ஏன்வே, பையன இங்கன உக்கார வச்சிருக்கீரு?"

"அவனால ஏணி ஏற முடியாது."

"ஏற முடியாட்டா என்னவே? சறுக்க முடியும்லா!"

என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டீர்கள். "ஏட்டி கோமதி, கீழ நின்னு புடி" என்று உங்கள் மூத்தவளிடம் சொல்லிவிட்டுக் கையை விட்டீர்கள். என் பிள்ளை இரும்புக் காலோடு தண்ணீரில் வழுக்கி வந்தான். சகதியில் விழுந்தான். முகமெல்லாம் சேறு. அழப்போகிறான் என்று ஓடினேன். "இன்னொருக்கா" என்றான்.

எத்தனை முறை அவனைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினீர்களோ, எனக்குத் தெரியாது. காவல்காரர் வந்து நம் இருவரையும் கண்டபடி ஏசினார். எனக்கு அவமானமாக இருந்தது. நீங்கள் அவரிடமே ஒரு வாளியை நீட்டி, "அண்ணாச்சி, அந்தக் குழாய நல்லாத் திருவி விடுங்க, தண்ணி நூலா வருது" என்றீர்கள். அந்த மனிதர் திருவியும் விட்டார்!

அப்புறம்தான் தெரிந்தது, உங்களுக்கு நம் ஊர் வண்ணாரப்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை. உங்கள் வீட்டு மைனி தையல் மிஷின் வைத்திருந்தார்கள். மூன்று பெண்களும் வீட்டில் இருந்தால் ஒரு ஜாக்கெட்டுக்குக்கூடக் கை ஒழுங்காக வெட்ட முடியாது என்று, கோடையில் உங்கள் நால்வரையும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வெளியே துரத்திவிடுவார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்களோடு நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டோம்.

இரண்டு சைக்கிள், நான்கு பிள்ளைகள். வயல்காட்டுப் பம்புசெட்டுத் தொட்டிகளுக்குப் போவோம். பஸ் ஏறி மணிமுத்தாறு அணைப் பூங்காவுக்குப் போவோம். எங்கே தண்ணீர் விழுந்தாலும் அங்கே நம் பிள்ளைகள் இருக்கும். "என்னவே, ரெண்டு ஆம்பளையும் ஆயா வேலை பாக்கீய?" என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கேலி பண்ணினார். "சம்பளம் சரியா வருதுவே, உமக்கும் வேணும்னா சொல்லும்" என்றீர்கள். நான் சிரித்தேன். அதற்கு முன்பு எப்போது அப்படிச் சிரித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

பாபநாசம் போனது அடுத்த கோடையில். கோயிலுக்கு எதிரே படித்துறையில் பிள்ளைகளை இறக்கினோம். சங்கரனின் காலிப்பரைக் கழற்றினேன், எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "இங்கன குரங்குத் தொந்தரவு சாஸ்தி. எல்லாத்தையும் ஒரே பையில போட்டு நான் பக்கத்துலயே உக்காந்துக்கிடுதேன்" என்றீர்கள். பெரிய யோசனைக்காரர்! புளியோதரை, வாழைப்பழம், முறுக்கு எல்லாம் இருந்த அதே பையில் காலிப்பரையும் போட்டீர்கள். குரங்குக்குப் பயந்து பொருளை ஒளிப்பவர் யாராவது வாழைப்பழத்துக்குள் கொண்டுபோய் ஒளிப்பார்களா? நானும் வாத்தியார்தான், எனக்கும் அது தோன்றவில்லை.

உங்கள் இளையவள் பாசியில் வழுக்கினாள். நீங்கள் எழுந்தீர்கள். அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய கடுவன் குரங்கு மண்டபத்து உச்சிக்குப் போய்விட்டது. பழத்தை உரித்துத் தின்றது. புளியோதரையை முகர்ந்துவிட்டு டிபன் பெட்டியைத் தூக்கி ஆற்றில் எறிந்தது. பிறகு காலிப்பரை எடுத்தது. பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தது, தோல் வாரைக் கடித்துப் பார்த்தது, கம்பியை மடக்கிப் பார்த்தது. நாம் எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். அதுவும் ருசிக்கவில்லை போலும். நட்டாற்றில் வீசிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு உங்களைப் பிடித்துத் தண்ணீரில் தள்ளியிருப்பேன். அதற்குள் நீங்களே குதித்துவிட்டீர்கள். அந்த இடம் இழுப்பும் ஆழமுமான இடம். மூழ்கினீர்கள், எழுந்தீர்கள், திரும்ப மூழ்கினீர்கள். கடைசியில் கையை உயர்த்திக்கொண்டு வந்தீர்கள். "வே, டிபன் மூடி கெடச்சிட்டு!"

அப்போதுதான் சங்கரன் சிரித்தான். படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் சளி வழியச் சிரித்தான். கோமதி சிரித்தாள், சின்னவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் மட்டும் கையில் அந்த மூடியை வைத்துக்கொண்டு, வீட்டில் என்ன சொல்வது என்று நின்றேன்.

பஸ்ஸிலிருந்து வீடு வரை பையனைத் தோளில் சுமந்து வந்தவர் நீங்கள்தான். வாசலில் நின்று, "தங்கச்சி, தப்பு என் மேலதான். காலிப்பர குரங்கு கொண்டுபோயிட்டு" என்றீர்கள். என் மனைவி விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனாள். நாம் இருவரும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன்கள் மாதிரி நின்றோம். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "மாட்டிக்கிட்டு நடந்து பாத்துதா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் புதிதாக அளவெடுத்தார்கள். செய்து வர விடுமுறை முடிந்துவிடும் என்றார்கள். அதுவரை பையன் தவழ வேண்டியதுதான் என்று நான் இடிந்துபோயிருந்தேன். மறுநாள் காலையில் லாரி ட்யூப் ஒன்றைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். "நடக்கதுக்குத்தான் கம்பி வேணும். மெதக்கதுக்கு எதுக்குவே? கெளம்பும்."

குறுக்குத்துறை ஆற்றில், முருகன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீர். தினமும் போனோம். சங்கரன் ட்யூபுக்குள் உட்கார்ந்துகொண்டு கையால் துழாவுவான். உங்கள் பிள்ளைகள் சுற்றி நீந்தும். அவனைத் தள்ளிவிடும், தண்ணீரை வாரி அடிக்கும். ஒருத்திகூட அவனைப் பாவம் பார்க்கவில்லை. "பைய, பைய" என்று நான் கரையிலிருந்து கத்துவேன். "நீரு சும்மா கெடயும்" என்பீர்கள்.

ஆனால் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது. சைக்கிள் கடைக்காரர் அல்லவா? ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து கிளம்பும்போது ட்யூபில் ஒரு மூச்சுக் காற்றைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். பையனுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. ஒருநாள் கோமதிதான் கரைக்கு வந்து, "மாமா, அந்த ட்யூபத் தொட்டுப் பாருங்க" என்று காதில் சொன்னாள். தண்ணீருக்குள் இறங்கிப் போய்த் தொட்டேன். நனைந்த துணி மாதிரிக் கொழகொழவென்று கிடந்தது. என் பிள்ளை அதை இடுப்பில் சும்மா சுற்றிக்கொண்டு, இரண்டு கையையும் வீசி வீசித் தானாக நீந்திக்கொண்டிருந்தான்.

அந்த ஆற்றில் நின்று நான் அழுதேன், அண்ணாச்சி. நீங்கள் பார்த்தீர்கள். பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டு பீடி பற்ற வைத்தீர்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது. புதுக் காலிப்பரோடு போனான். வழக்கம்போலப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. சாயங்காலம் கூப்பிடப் போன நான் வாசலிலேயே நின்று கேட்டேன். "இது புதுசு. பழசு குரங்குட்ட இருக்கு" என்றான். "மெய்யாவா?" என்றது ஒரு குரல். "நான் பொய் சொல்லுதனா? எங்க மாமா ஆத்துக்குள்ள குதிச்சு மூடி எடுத்துட்டு வந்தாருலா!" மறுநாளும் அதே கதைதான், அதற்கு மறுநாளும். காலைப் பார்த்துவிட்டு ஒதுங்கிய பிள்ளைகள், குரங்குக் கதை கேட்க அவன் பக்கத்தில் இடம் பிடித்தன. அதற்குப் பிறகு நாங்கள் உச்சி வெயிலில் பூங்காவுக்குப் போனதில்லை. ஊர்க் கூட்டமெல்லாம் இருக்கும் சாயங்காலத்தில்தான் போனோம்.

இதற்கெல்லாம் நன்றி என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். "போம்வே, காலிப்பரத் தொலைச்சவனுக்கு நன்றியா?" என்று எழுந்துபோய்விட்டீர்கள். இப்போது எழுந்துபோக உங்களால் முடியாது. அதனால் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளைக்கு நான் நிழல் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள் அவனை வெயிலிலும் தண்ணீரிலும் இறக்கிவிட்டீர்கள். அவன் வேலைக்குப் போனது, கல்யாணம் கட்டியது, நேற்று மகளோடு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது எல்லாவற்றிலும் உங்கள் வாளித் தண்ணீர் இருக்கிறது. நன்றி அண்ணாச்சி.

போன தை மாதம் உங்கள் சாம்பலைக் கரைக்கப் பாபநாசம் போனோம். கோமதிதான் கொள்ளி வைத்தாள், அவள்தான் கலயமும் வைத்திருந்தாள். அப்பா குதித்த இடத்திலேயே விட வேண்டும் என்றாள். மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை, ஆறு நன்றாகவே இழுத்தது. உங்கள் மருமகன்கள் பம்பாயில் வளர்ந்தவர்கள், படியிலேயே நின்றுவிட்டார்கள். சங்கரன் உட்கார்ந்து காலிப்பரைக் கழற்ற ஆரம்பித்தான்.

"படியெல்லாம் பாசிடா. உன்னால எறங்க முடியாது" என்றேன்.

"சறுக்க முடியும்லாப்பா" என்றான்.

காலிப்பரை என் கையில் கொடுத்துவிட்டு, கோமதியிடமிருந்து வாங்கிய கலயத்தை நெஞ்சோடு அணைத்தபடி, படிப்படியாக உட்கார்ந்தே சறுக்கித் தண்ணீருக்குள் இறங்கினான். ஒரு கையால் கலயத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீந்தி நட்டாற்றுக்குப் போனான். உங்களை அங்கே விட்டான். விட்டவன் திரும்பவில்லை. தலைகுப்புற மூழ்கினான். எனக்கு உயிர் போய்விட்டது. கோமதி அலறினாள். கொஞ்சம் தள்ளித் தலை தெரிந்தது. பைய நீந்தி வந்து படியைப் பிடித்தான்.

"ஏல, என்னல பண்ணின?" என்று கோமதி கேட்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "பழசு கெடக்கான்னு பாத்தேன்க்கா."

உங்கள் மூன்று பெண்களும் அந்தப் படித்துறையில் உட்கார்ந்து, அழுதுகொண்டே சிரித்தார்கள். சங்கரனும் சிரித்தான். மண்டபத்து உச்சியில் ஒரு குரங்கு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் காலிப்பரை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடியை இன்னும் விடவில்லை, அண்ணாச்சி.