சின்னக்குடாவில் நீங்கள் போட்ட வலை

மச்சாள்,

இன்று காலை பேத்தியின் சட்டையைத் தோய்க்க எடுத்து உதறினேன். கரை மடிப்புக்குள் இருந்து மணல் கொட்டிக் குசினி நிலமெல்லாம் பரவியது. அரித்த மா மாதிரி வெள்ளை மணல். திருகோணமலையில் எத்தனையோ கரை இருக்கிறது, இந்த மணல் சின்னக்குடாவில் மட்டும்தான். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உங்கள் மகள் ரீத்தாவைக் கூப்பிட்டேன்.

"கொப்பியை எடு பிள்ளை, கொம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதவேணும்."

"அம்மா செத்து மூண்டு வருசம், மாமி."

"தெரியும். நீ எழுது."

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கதை வேறு பக்கம் போனால் பேனையால் மேசையில் தட்டுகிறாள். உங்களைப் போலத்தான், பொறுமை இல்லை.

அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய உங்கள் பிள்ளைகள் மூன்றையும் என் மூன்றையும் சேர்த்துக்கொண்டு சின்னக்குடாவுக்குப் போவோம். சட்டி நிறையப் பிட்டு. நீங்கள் பிட்டுக்குத் தேங்காய்ப்பூ அள்ளிப் போடுவதைப் பார்த்து உங்கள் தம்பி, என் மனிசன், "அக்கா அவிக்கிறது பிட்டில்லை, தேங்காய்" என்று சொல்லப்போய் இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு கொடுக்காமல் விட்டீர்களே. அந்தக் கோபம் எப்படித் தீர்ந்தது என்றால்... ரீத்தா தட்டுகிறாள். சரி.

அந்தக் குடாவின் வாயில் கற்பார், தண்ணீருக்குள் நீட்டுக்குக் கல்லு, கிடக்கிறது. அலை அதில் அடித்து உடைந்து, உள்ளே சட்டியில் வார்த்து வைத்த மாதிரித் தண்ணீர் கிடக்கும். கூப்பிடு தூரம் நடந்து போனாலும் பெரியவர்களுக்கு முழங்கால்தான். பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் கரையில் காலை நீட்டிக் கொண்டு இருக்கலாம்.

ரீத்தாவுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இடக்கால் சூம்பிப் போனது. பெரியாஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். கிண்ணியாவில் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு பரிசாரியார் எண்ணெய் தந்தார். தரையில் விட்டால் பிள்ளை விழுந்துவிடும். சின்னக்குடாத் தண்ணீரில் விட்டபோதுதான் முதல் தடவை எழும்பி நின்றாள். நீங்கள் கத்தவில்லை, கும்பிடவும் இல்லை. "அடுத்த கிழமையும் கொண்டு வருவம்" என்றீர்கள், அவ்வளவுதான். ஒரு மழைக்காலம் போய் அடுத்த கோடையில், தண்ணீருக்குள் உங்கள் விரலைப் பிடித்து நடந்தாள். தரைக்கு வந்ததும் மறுபடி விழுவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் குடாவுக்குப் பக்கத்தில் ஹோட்டல் வந்தது. வெள்ளைக்காரர் சாய்ந்து படுத்து வெயில் காயக் கதிரை போட்டார்கள். தடி நட்டுக் கயிறு கட்டினார்கள். காவலுக்கு நின்றது வேறு யாருமில்லை, வலை இழுத்து முதுகு நொந்து போன எங்கள் சூசை அண்ணை. காக்கிச் சட்டை அவருக்கு ஒரு சுற்றுப் பெரிது.

"தங்கச்சி, இனி இஞ்ச குளிக்க ஏலாது. மனேச்சர் ஏசுறார்."

"பிள்ளையள்தானே அண்ணை, என்ன கடலைக் குடிச்சு முடிச்சிடுமோ?"

"எனக்கு விளங்குது. அவருக்கு விளங்காதே."

அன்று திரும்பி வந்தோம். வழியில் நான்தான் சொன்னேன், வேறு கடல் இல்லையா, உப்புவெளிப் பக்கம் போவோம் என்று. நீங்கள் நின்று என்னைப் பார்த்தீர்கள். "கடல் நிறையக் கிடக்கு. இவள் நிக்கக்கூடிய கடல் இது ஒண்டுதான். அங்க ஒரு அலைக்கு நிப்பாளே?" எனக்கு வெட்கமாக இருந்தது, மச்சாள். இன்றைக்கும்.

அடுத்த ஞாயிறு நீங்கள், மீன்வாடியில் ஆம்பிளைகள் கழித்துப் போட்ட கரைவலைத் துண்டு ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். கரையில் நின்று இழுக்க இரண்டு பக்கமும் கயிறு முடிந்திருந்தது. கற்பாரைச் சுற்றித் தண்ணீருக்குள்ளால் நடந்து குடாவுக்குள் வந்தோம், ரீத்தா என் இடுப்பில். நீங்களும் நானும் வலையை வளைத்துப் போட்டோம். கயிற்றுக்கு மூன்று பிள்ளைகள் என்று பிடிக்க விட்டோம்.

சூசை அண்ணை ஓடி வந்தார். "இதென்ன கூத்து?"

"கரைவலை இழுக்கிறம்."

"இந்த முழங்கால் தண்ணியில மீன் எங்க கிடக்கு?"

"வராட்டி அது மீனின்ர பிழை."

"ஞாயிற்றுக்கிழமை ஆரும் வலை போடுறதே? பாதர் அறிஞ்சால்?"

"பாதரிட்ட நான் பாவசங்கீர்த்தனம் செய்யிறன். நீங்கள் கரைவலை வழமையைச் சொல்லுங்கோ. கடலில வலை கிடக்கேக்க கரையை மறிக்கலாமோ?"

மறிக்க ஏலாது. போட்ட வலை கரை ஏறும்வரை அந்தக் கரை இழுக்கிறவர்களுக்கு. கயிற்றில் கை வைத்தவனைப் போ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, வந்த மீனில் அவனுக்குப் பங்கும் உண்டு. ஹோட்டல்காரர் அறியாவிட்டாலும் சூசை அண்ணை அறிவார்.

மனேச்சர் சப்பாத்தோடு மணலில் புதைந்து புதைந்து வந்தார். "சூசை, இவங்கள வெளிய அனுப்பு."

"ஐயா, வலை கிடக்கு. இழுத்து முடியட்டும்."

"எப்ப முடியும்?"

"அது வலைக்குத்தான் தெரியும், ஐயா" என்றீர்கள் நீங்கள்.

அந்நேரம் வலை கல்லில் கொழுவியது. பிள்ளைகள் இழுத்தும் வரவில்லை. நீங்கள் அம்பாப் பாட்டை எடுத்தீர்கள், ஆம்பிளைகள் வலை இழுக்கும்போது பாடுவது. உங்கள் குரல் நல்ல குரல் இல்லை, மன்னிக்க வேண்டும். ஆனால் சூசை அண்ணையின் கை தானாகப் போய்க் கயிற்றைப் பிடித்தது. மனேச்சருக்கு முன்னால், காக்கிச் சட்டையோடு, காலை ஊன்றி இழுத்துப் பதில் பாட்டும் பாடினார்.

வலை இளகியது. கயிறு பிடித்த எல்லோரும் பின்னுக்கு நடந்தோம். கரைவலையில் பின்னுக்குத்தானே நடக்க வேண்டும். ரீத்தாவும் நடந்தாள். முழங்கால் தண்ணீர், கணுக்கால் தண்ணீர், ஈர மணல். காய்ந்த மணலில் அவள் நான்கு எட்டு வைத்தபிறகுதான் நான் கண்டேன். வாய் திறக்கப் போனேன். நீங்கள் என் கையைக் கிள்ளினீர்கள்.

"இழு பிள்ளை. விடாத, இழு" என்று மட்டும் சொன்னீர்கள்.

வலையின் மடியில் இரண்டு குஞ்சு மீன், ஒரு நண்டு, ஒற்றைச் செருப்பு. நண்டைச் சூசை அண்ணைக்குக் கொடுத்தீர்கள். ஒரு மீனை எடுத்து, "ஐயாவும் நிண்டு பாத்தவர்" என்று மனேச்சரிடம் நீட்டினீர்கள். அவர் வாங்கவில்லை.

அந்த மாதமே சூசை அண்ணைக்கு வேலை போனது. அவர் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், "எங்களாலதான் அண்ணை" என்று முகத்துக்கு நேரே சொன்னீர்கள். "அந்தச் சட்டை எனக்குப் பெரிசு தங்கச்சி" என்றார். பாதர் உங்களுக்குப் பத்து அருள்நிறை மந்திரம் விதித்தார். அதைச் சொல்லி முடித்துவிட்டு அடுத்த ஞாயிறும் வலையைத் தூக்கினீர்கள். ரீத்தா தனியே நடக்கும்வரை, மூன்று கோடை.

ரீத்தா நடந்தது கோயிலுக்கு வைத்த நேர்த்தியால் என்று சனம் சொல்கிறது. எண்ணெயால் என்றும் சொல்கிறது. சொல்லட்டும். கிள்ளு வாங்கியவள் நான்.

நேற்றுப் பேரப்பிள்ளைகளோடு போனோம். இப்போது புதுக் கயிறு, புதுக் காவல்காரப் பொடியன். "ஆரைக் கேட்டு வந்தனீங்கள்?" என்றான். வலை இல்லை, சூசை அண்ணை இல்லை, நீங்கள் இல்லை. ஒரு கணம் பழையபடி எனக்குத் திரும்பி வரத்தான் மனம் சொன்னது. அதற்குள் ரீத்தா சூம்பின காலை முதலில் தூக்கிக் கயிற்றைக் கடந்து, அந்தக் கயிற்றைக் கையால் கீழே அமத்திப் பிடித்து, "வாங்கோ பிள்ளையள்" என்றாள்.

இதை எழுத மாட்டேன் என்று பேனையை வைத்துவிட்டு இருக்கிறாள். எழுதடி என்றேன். பொடியன் இன்னும் பதிலுக்கு நின்றான், மச்சாள். கடைசிப் பிள்ளையும் தாண்டியபிறகு நான் சொன்னேன்:

"ஒருத்தரையும் கேக்கேல்ல, தம்பி. நாங்கள் ஒருநாளும் கேக்கிறேல்ல."