ஃபில்டர் தண்ணீர் வேண்டாம்

ஏங்க,

ஃபில்டர் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் அடுப்பு மேல் இருக்கிறது. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வயிற்றுப்போக்குதான் இன்னும் நிற்கவில்லை.

முந்தாநாள் நம் வீட்டில் பிடித்த தண்ணீரின் பரிசோதனை முடிவு இன்று லேபில் என் மேஜைக்கே வந்தது. மாடித் தொட்டியில் கிருமி இல்லை. குழாயிலும் இல்லை. ஃபில்டர் தண்ணீரில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் வடிகட்டியை மாற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது என் பொறுப்பு. வீடு வீடாகப் போய் "வடிகட்டிய எப்ப மாத்துனீங்க?" என்று ஊரை அதட்டுகிறவள் நான்.

"தொட்டியக் கழுவச் சொன்னா காதுல வாங்குனாத்தானே!" என்று டாக்டர் முன்னால் உங்களைப் பார்த்துக் கத்தினேன். "கழுவுனேன்டி" என்று ஒரே தடவைதான் சொன்னீர்கள். கழுவித்தான் இருக்கிறீர்கள்.

உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கிறது, இதற்கு மேல் எழுத முடியவில்லை. ஆறு மணிக்கு டாக்டர் வருவார். அதற்குள் வந்துவிடுங்கள். அவர் முன்னால்தானே திட்டினேன், அவர் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

பி.கு: புது வடிகட்டி மேஜை மேல் இருக்கிறது. நீங்கள் மாட்ட வேண்டாம், அதை நான்தான் மாட்ட வேண்டும்.