இருநூறு கேபிக்குள் அடங்கிய சான்றிதழ்

பையன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நீரஜா மோளுக்கு,

அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, இரவு டூட்டி முடிந்தால் உடனே படுத்துத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நன்றாகவே இருக்கிறோம். போனில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கும், அதனால்தான் காகிதம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வைஃபை ஒயரைப் பிடுங்கினேன், டீகூட அப்புறம்தான் போட்டேன். நீதானே சொன்னாய், "நெட்டை அணைச்சிட்டு சுருக்கிப் பாரும்மா, அப்பவும் சுருங்கினா ஃபைல் உன் லேப்டாப்பை விட்டு எங்கயும் போகலைன்னு அர்த்தம்" என்று. நீ புறப்படும் முன் லேப்டாப்பில் ஏற்றி வைத்துப் போன ஃபைல் சுருக்கும் செயலியில் அப்பாவின் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தேன். வீட்டில் நோயாளி இருந்தால் டீச்சர்களுக்கு இடமாற்றத்தில் முன்னுரிமை, ஆனால் இணைக்கிற ஒவ்வொரு தாளும் இருநூறு கேபிக்குள் இருக்க வேண்டுமாம், நான் போனில் எடுத்த படமோ நாலு எம்பி. முதல் தடவை ஒரேயடியாகக் குறைத்ததில் டாக்டரின் கையெழுத்து மை கொட்டின மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஓரத்தில் தெரிந்த மேஜை விரிப்பை வெட்டி எடுத்துவிட்டு, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் முத்திரையும் தெரிந்தது, அளவுக்குள்ளும் வந்தது. நெட் இல்லாமலேதான்.

ரமணி அத்தைக்கு இதெல்லாம் வேடிக்கை. "பிந்துவோட கம்ப்யூட்டர் கடையில குடுத்தா ஒரு நிமிஷ வேலை, நீ என்ன ராக்கெட்டா விடுற" என்றாள். அந்தக் கடையில் எல்லாரும் கடையின் வாட்ஸ்அப் நம்பருக்குத்தான் ஃபைலை அனுப்புகிறார்கள், யாரும் அழிக்கச் சொல்வதில்லை, பிந்துவும் அழிப்பதில்லை. போன வருஷம் நம் ரெஜினா டீச்சரின் கர்ப்பப்பை ஆபரேஷன் தாளைச் சுருக்கிக் கொடுத்தாள், மறுநாள் ரேஷன் கார்டுக்காக வந்த யாரோ தன் ஃபைலைத் தேடும்போது அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் மீன்காரர் வாசலில் நின்று, "டீச்சரே, தையல் பிரிச்சாச்சா, ரெண்டு சாளை சேர்த்துப் போடவா" என்று கேட்டாராம். ரெஜினா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் ஒரு வாரம் வெளியே வரவில்லை. அப்பாவின் மனநோய்த் தாள் அங்கே கிடக்கவேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

எனக்கு அலுத்துவிட்டது மோளே. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மானந்தவாடியில் பஸ் ஏறி, மலை இறங்கி, வீடு வந்து சேரும்போது முதுகு என்னுடையதாக இருப்பதில்லை. திங்கட்கிழமை விடியும் முன் மறுபடி கிளம்ப வேண்டும். "அந்த மலையில என்ன புதையலா இருக்கு, புருஷனைப் பார்த்துக்க ஊர்க்காரங்களா வருவாங்க" என்று அத்தை வாராவாரம் கேட்கிறாள். விண்ணப்பத்தை எடுத்ததே அவள் நச்சரிப்பில்தான். அப்பாவிடம் கேட்டபோது, "என் பைத்தியத்தால உனக்கு ஒரு நல்லது நடக்குதுன்னா நடக்கட்டும் டீச்சரே" என்று சிரித்தார். ஆனால் அன்றைக்குத் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

எழுத்து தெரிகிறதா என்று பார்க்கத்தான் இன்று சான்றிதழை வரிவரியாகப் படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தாள். தனியே விடக்கூடாது, மாத்திரையை மனைவி கையால் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அப்போது அது உண்மைதான், நீயும் பார்த்தாய். படித்துக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து, "சாளைக்கு ரெண்டு துண்டு குடம்புளி போதுமா, இல்ல மேலிடத்து உத்தரவு வேணுமா" என்று அப்பாவின் குரல் வந்தது. இப்போது அவரே பஸ் ஏறி டாக்டரிடம் போகிறார், மாத்திரையை அவரே எடுத்துக்கொள்கிறார். நான் மலைக்குப் போன பிறகுதான் இவ்வளவும் தேறியது. பக்கத்தில் இருந்தவரை, மாத்திரையை விழுங்கினாரா என்று அவர் கண்ணையும் நாக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவரும் படுத்தே இருந்தார். எனக்கும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, மலையில் நான் தங்கியிருக்கும் அந்த ஹாஸ்டல் அறையில்தான் இப்போது விடியும்வரை தூக்கம் வருகிறது. பஸ் வலி இருந்தும்கூட.

நீ நன்றாக இரு, நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும். குருவாயூரப்பன் காப்பார். அந்த ஊர் மொழித் தேர்வுக்குப் பணம் கட்டும் தேதியை விட்டுவிடாதே, உன் பாஸ்போர்ட் நகலைத் தெரியாத எந்த இணையதளத்திலும் ஏற்றாதே.

விண்ணப்பத்துக்கு இன்று மாலைதான் கடைசி. அளவு சரி, முத்திரை சரி, எல்லாம் தயார். நான் அனுப்பப் போவதில்லை. அடுத்த வருஷமும் மானந்தவாடியில்தான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை.

உன் அம்மா,
ப்ரீதா